அத்தியாயம் 4: “மிஸ், ஒண்ணு சொல்லணும்”

மூன்றாவது பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எமிஸ் என்ற கல்வித் துறைத் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். மாலைக்குள் முடித்தாக வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. ரிப்பன் முனையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். “மிஸ், ஒண்ணு சொல்லணும்” என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நாளைக்கு வாம்மா, இப்ப வேலையா இருக்கேன்” என்றேன். மறுநாள் நானே கூப்பிட்டுக் கேட்டேன். “ஒண்ணுமில்ல மிஸ், நோட்டு விஷயம்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. செல்போன் விளையாட்டில் பழக்கமான ஒருவன் அவளிடம் ஒரு படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் உன் வகுப்புக்கே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தான். அந்த மூன்று மாதமும் அவள் தினமும் பள்ளிக்கு வந்தாள், ப்ரேயரில் நின்றாள், காலாண்டுத் தேர்வு எழுதினாள். விடைத்தாளைத் திருத்தியது நான்தான். வாசலில் நின்ற அன்றே அவளை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் மூன்று மாத நரகம் ஒரு நாளில் முடிந்திருக்கும். இதை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

பிள்ளைகளின் பாதுகாப்பு என்றதும் நாம் பூட்டில்தான் தொடங்குகிறோம். சிசிடிவி, காம்பவுண்டு சுவர், போனுக்குப் பாஸ்வேர்டு. அவையும் வேண்டும், பின்னால் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை, மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மீண்டு வந்ததெல்லாம் ஒரு பெரியவரிடம் வாய் திறந்து சொன்ன பிறகுதான். அதனால் இந்த அத்தியாயம் ஸ்டாஃப் ரூம் வாசலில் தொடங்குகிறது.

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்

2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டது. ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். சீண்டியவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. தமிழ்நாடு அந்த 13 மாநிலங்களில் இல்லை. அதனால் நம் பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

“அப்பா போனைப் பிடுங்கிடுவார்.” “ஸ்கூல நிறுத்திக் கல்யாணம் பண்ணி வச்சிடுவாங்க.” “அம்மா அழுவாங்க.” “மாமாவைப் பத்திச் சொன்னா யாரு மிஸ் நம்புவா?” பிள்ளைகள் என்னிடம் சொன்ன காரணங்கள் இவை. மிரட்டுபவனைவிட வீட்டுக்குத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். மிரட்டுபவனுக்கும் அது தெரியும். அவனுடைய முதலே அந்தப் பயம்தான்.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டிய முதல் காரியத்துக்குக் காசு செலவில்லை. எந்தப் பிரச்சினையும் இல்லாத ஒரு நாளில், மாவு பிசையும்போதோ வண்டியில் கூட்டிப் போகும்போதோ, பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: “உனக்கு ஏதாவது சங்கடம் வந்து எங்கிட்ட சொன்னா, சொன்னதுக்காக உன் போனைப் பிடுங்க மாட்டேன், உன்னை ஸ்கூல்லேர்ந்து நிறுத்த மாட்டேன். தப்பு உன் பேர்லயே இருந்தாலும் சரி.” ஒரு தடவை சொன்னால் போதாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். சின்ன விஷயங்களில் அந்த வாக்கைக் காப்பாற்றிக் காட்டவும் வேண்டும். கணக்கில் 28 மார்க் என்று சொன்ன பிள்ளையை அன்று அடித்துவிட்டு, பெரிய விஷயத்தை மட்டும் என்னிடம் சொல் என்றால் சொல்லாது.

முதல் பத்து நிமிடம்

பிள்ளை சொல்ல வந்துவிட்டது. இனி நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கையில் உள்ள வேலையை வைத்துவிடுங்கள். உட்காருங்கள், பிள்ளையையும் உட்காரவையுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே மற்றவர் காதில் விழாத இடமாகப் பாருங்கள். பிள்ளை தன் போக்கில் சொல்லட்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்தட்டும். “அப்புறம் என்ன ஆச்சு?” என்ற ஒரு கேள்வியே போதும். “அவன் இங்க தொட்டானா, அங்க தொட்டானா?” என்று நீங்கள் அடுக்கக் கூடாது. பிள்ளையின் வாயில் நாம் போட்ட சொல், நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகிவிடும்.

கட்டாயம் சொல்ல வேண்டியவை மூன்று. “நீ சொன்னதை நான் நம்புறேன்.” “இது உன் தப்பு இல்ல.” “நீ சொன்னது ரொம்ப நல்லது.” சொல்லவே கூடாதது ஒன்று உண்டு. அது நம் நாக்கின் நுனியிலேயே நிற்கும்: “நீ ஏன் அனுப்பின?” அந்தக் கேள்விக்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஏன் அனுப்பினாள் என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றால் ஒரு மாதம் கழித்துத் தெரிந்துகொள்ளலாம்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ், சத்தியம் பண்ணுங்க” என்று பிள்ளை கெஞ்சும். சத்தியம் செய்யாதீர்கள். “உன்னைக் காப்பாத்த யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன். யாருக்குச் சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்று உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை போனதும் ஒரு தாளில் தேதி, நேரம் போட்டு, அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். கொச்சைச் சொல்லாக இருந்தாலும் திருத்தாதீர்கள். ஒரு தடவை சொன்னதைத் தலைமை ஆசிரியர் முன், பிறகு தாளாளர் முன், பிறகு பி.டி.ஏ. தலைவர் முன் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

புகார்: யாரிடம், எப்படி

“முதல்ல நாங்க ஸ்கூல்லயே விசாரிச்சுப் பார்த்துட்டு…” என்று தொடங்கும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்ற கவலை. 2012-ல் வந்த போக்சோ சட்டம் இதற்கு இடமே தரவில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ள ஒரு பிள்ளையிடம், ஆணோ பெண்ணோ, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 19-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. தெரிவிக்காமல் விட்டவருக்கு 21-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன்கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

போலீஸ் என்றதும் பெற்றோர் நடுங்குவது எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவையும் அதையொட்டிய பிரிவுகளையும் எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். சீருடையில் வரக் கூடாது. இரவில் எக்காரணம் கொண்டும் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ, பிள்ளை நம்பும் வேறு யாருமோ பக்கத்தில் இருக்கலாம். பெயர், முகவரி, படம், படிக்கும் பள்ளி எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது. இதில் எது மீறப்பட்டாலும் “சட்டத்துல இப்படி இருக்கே” என்று நீங்கள் கேட்கலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், பிள்ளையே கூப்பிடலாம். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ம் இருக்கிறது. இணையவழிக் குற்றத்துக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் தளம் உண்டு. பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்கு அதில் தனிப் பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பணமும் போயிருந்தால் 1930.

படத்தை வைத்து மிரட்டல் என்றால் வேறு சில கவனம் தேவை. பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த வாரம் இன்னும் அதிகமாகக் கேட்பான். பதற்றத்தில் சாட்டை அழிக்காதீர்கள், அக்கவுண்டை டெலீட் செய்யாதீர்கள். மிரட்டிய செய்திகள், அவன் ப்ரொஃபைல், யூசர் ஐ.டி., தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பிளாக் செய்யுங்கள். ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்: பிள்ளையின் அந்தப் படத்தை “ஆதாரத்துக்காக” என்று சித்தப்பாவுக்கும் வகுப்பாசிரியருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். குழந்தையின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். போனில் இருப்பதைப் போலீஸிடம் போனோடு காட்டினால் போதும்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு வழி வந்திருக்கிறது. காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்க அமைப்பு ஒன்று 2023-ல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை அது. பிள்ளையின் போனில் இருக்கும் படத்திலிருந்து ஒரு எண் அடையாளத்தை மட்டும் உருவாக்கும். படம் போனை விட்டு வெளியே போகாது. அந்த எண்ணைக் கொண்டு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அதே படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். இதைச் சொன்னதும் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். செய்ய ஒன்று இருக்கிறது என்று தெரிவதே அந்த நேரத்தில் பெரிய ஆறுதல்.

வலை பின்னும் விதம்

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் சாட்டைப் பிறகு அவள் அம்மாவோடு உட்கார்ந்து தேதி வாரியாகப் பார்த்தோம். முதல் பதினைந்து நாள் அதில் ஒரு தப்பான வார்த்தைகூட இல்லை. “சூப்பரா ஆடுற.” “டைமண்ட் வேணுமா? நான் டாப்-அப் பண்றேன், காசு வேணாம்.” பிறகு, “உங்க அம்மா எப்பவும் இப்படித்தான் திட்டுவாங்களா? பாவம் நீ.” மூன்றாவது வாரம், “இங்க வேணாம், வாட்ஸ்அப் வா.” நான்காவது வாரம் பள்ளிச் சீருடையில் ஒரு சாதாரணப் படம் கேட்டிருக்கிறான். அடுத்தது சாதாரணமாக இல்லை. “நமக்குள்ள மட்டும்தான்” என்ற வார்த்தை அந்தச் சாட்டில் ஒன்பது இடத்தில் வருகிறது.

பரிசு, பரிவு, இடமாற்றம், ரகசியம். இந்த வரிசையைப் பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்லிக்கொடுக்கலாம். “தெரியாதவன்கிட்ட பேசாதே” என்று மட்டும் சொன்னால் பயனில்லை. ஒரு மாதம் கூட விளையாடியவன் அவர்களுக்குத் தெரியாதவன் இல்லை. “ஓசியில எதையாவது கொடுத்துட்டு, வீட்டுல சொல்லாதேன்னு யாராவது சொன்னா, அன்னிக்கே எங்கிட்ட சொல்லு” என்று சொல்லுங்கள். இது ஆன்லைனுக்கு மட்டும் இல்லை. பக்கத்துத் தெருக் கடைக்காரருக்கும் டியூஷன் அண்ணனுக்கும் அதே அளவுகோல்தான்.

படமே அனுப்பாத பிள்ளையும் இப்போது மாட்டுகிறது. ஆண்டு விழாப் படத்திலிருந்து முகத்தை வெட்டி ஏ.ஐ. செயலியில் வேறு உடம்போடு ஒட்டிவிடுகிறார்கள். சில நேரம் அதைச் செய்வது அதே வகுப்புப் பையன்கள். அதனால் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் பெயர், வகுப்பு, பிரிவோடு ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். கோப்பையோடு குழுவாக, தூரத்திலிருந்து எடுத்த படம் போதும்.

வீட்டுப் போன்

நம் வீடுகளில் பிள்ளைக்கென்று தனிப் போன் இருப்பது குறைவு. அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கில், அம்மாவின் வயதில் பிள்ளை உலாவுகிறது. அதனால் தளங்கள் அதை நாற்பது வயதுப் பெண் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் காட்டுகின்றன. பிள்ளைக்கு அதன் உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கூகுள் கணக்குத் திறந்து, ‘ஃபேமிலி லிங்க்’ மூலம் உங்கள் கணக்கோடு இணையுங்கள். செயலி இறக்க உங்கள் அனுமதி கேட்கும்படி வைக்கலாம், இரவு நேரத்தில் பூட்டலாம். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டும் 13 வயதுக்கு மேல்தான். இன்ஸ்டாகிராமில் உண்மை வயதைக் கொடுத்தால் 18-க்குக் கீழ் உள்ளவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும். 16 வயதுக்குக் கீழ் என்றால் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்குத் தொடங்க நாமே உதவுவது, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம்.

இரவு ஒன்பதரைக்கு எல்லாப் போனும் ஹாலில் சார்ஜில் போடப்பட வேண்டும். அப்பாவுடையதும்தான். வீட்டில் ஒரு விதி நிற்பதும் விழுவதும் இதில்தான்.

பள்ளியைச் சுற்றி ஒரு நடை

ஒரு வருடம் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள் மாலையிலும் நிறைந்தே இருப்பதைக் கவனித்தேன். வெயில் காலம், யாரும் குடிக்கவில்லை. மெல்லக் கேட்டபோது ஒருத்தி சொன்னாள்: “பாத்ரூம்ல ரெண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல மிஸ். முதல் கதவு எப்பவும் பூட்டியிருக்கு.” ஆண்பிள்ளைகள் அந்தப் பக்கமாகத்தான் மைதானத்துக்குப் போவார்கள். அதனால் இருபது பிள்ளைகள் நாள் முழுக்க நாக்கு வறள உட்கார்ந்திருந்தார்கள். தாழ்ப்பாள் விலை நூறு ரூபாய்கூட இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். காலை எட்டரைக்கு ஒரு தடவை, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஐந்தரைக்கு ஒரு தடவை, பள்ளி முழுவதையும் நடந்து பாருங்கள். கூடவே இரண்டு மாணவிகளையும் இரண்டு மாணவர்களையும் கூட்டிப் போய், “உங்களுக்கு எங்க போகப் பிடிக்காது?” என்று கேளுங்கள். மாடிப்படிக்குக் கீழ் இருட்டு, லேப் பக்கத்து ஸ்டோர் ரூம், வேன் நிற்கும் பின்கேட். எந்த ஆய்வு அறிக்கையிலும் இல்லாததை அவர்கள் கைகாட்டுவார்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. கூரையும் ஓட்டையும் அங்கே தினமும் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆகவே பார்த்ததை எழுதுங்கள், தேதி போடுங்கள், குழுக் கூட்டத் தீர்மானத்தில் ஏற்றுங்கள், அடுத்த மாதம் அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள்.

வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை யார் என்று பாருங்கள். டிரைவரோடு தனியாகப் பிள்ளை இருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஓர் ஆயா கட்டாயம் வேண்டும். ஆசிரியர்களுக்கு மட்டும் இல்லாமல் கராத்தே மாஸ்டர், ஒப்பந்த டிரைவர், கேன்டீன்காரர் எல்லாருக்கும் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். ஆசிரியர் மாணவருக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பக் கூடாது. குழுவில் அனுப்பலாம், பெற்றோர் எண்ணுக்கு அனுப்பலாம். தனியாகப் பேச வேண்டியிருந்தால் கதவு திறந்த அறையில். நல்ல ஆசிரியருக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை, அவருக்கும் இது பாதுகாப்பு. 2021-க்குப் பிறகு தமிழகப் பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க உத்தரவு உண்டு. அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் புகார் எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டியும் இருக்கிறது. உங்கள் பள்ளிப் பெட்டி எங்கே இருக்கிறது? தலைமை ஆசிரியர் அறை வாசலில் என்றால் யாரும் சீட்டுப் போட மாட்டார்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாற்றுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் குட் டச், பேட் டச் சொல்லிக்கொடுக்கிறோம். நல்லதுதான், ஆனால் பிரியமான ஒருவர் தொட்டால் பிள்ளைக்கு அது பேட் என்று தோன்றாமலே போகலாம். உறுப்புகளுக்கு அவற்றின் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். ஜட்டி மறைக்கும் இடத்தை யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது. டாக்டர் பார்த்தாலும் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். விருந்தாளி மாமாவுக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்தாதீர்கள். அங்கே “மாட்டேன்” என்று சொல்லப் பழகிய பிள்ளைதான் வேறெங்கும் சொல்லும். பையன்களையும் உட்காரவைத்தே சொல்லுங்கள். “ஆம்பளப் புள்ளைக்கு என்ன ஆகும்” என்று விட்டதால் பாழானவர்களை எனக்குத் தெரியும்.

புகாருக்குப் பிறகு

எங்கள் மாணவியின் அப்பா, புகார் கொடுத்த மறுநாளே டி.சி. கேட்டு வந்தார். ஊர் வாய்க்கு அஞ்சி வந்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். தலைமை ஆசிரியரும் நானும் ஒன்றரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்தோம். அவள் எதற்குப் பயந்து மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லையோ, அதையே இப்போது நாம் செய்யப் போகிறோமா என்று கேட்டேன். டி.சி. விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அப்படி ஒரு பிள்ளை திரும்பி வரும்போது பிரிவை மாற்றாதீர்கள், பழைய இடத்தில் பழைய தோழியின் பக்கத்தில் உட்காரட்டும். விவரம் வகுப்பாசிரியருக்கும் தலைமை ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். ஸ்டாஃப் ரூமில் பேசக் கூடாது. விசாரணைக்குப் போகும் நாளுக்கு ஆன் டியூட்டி போடுங்கள், விட்டுப்போன பாடத்தை ஒருவர் பொறுப்பெடுத்து நடத்துங்கள். அப்பா வந்துபோன மூன்றாவது நாள் எங்கள் மாணவி வந்தாள். வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய தோழி மட்டும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.